பணம் கட்டுபவரே பட்டியல் போடட்டும்

ஒரு வட்டாரத்தின் பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்தப் பெரிய முதலீடு வேண்டும் என்றால் மறுப்பவர் யாருமில்லை. எதில் முதலிடுவது, எதை முதலில் எடுப்பது, செலவு யார் தலையில் விழுவது என்று கேட்கத் தொடங்கும்போதுதான் சிக்கல். வழக்கமாக நடப்பது நமக்கெல்லாம் தெரியும். ஒவ்வொரு ஊரும் தன் கோரிக்கையை எழுதித் தலைநகருக்கு அனுப்புகிறது. தலைநகரம் சிலவற்றுக்கு நிதி ஒதுக்குகிறது, மற்றவற்றைக் கிடப்பில் போடுகிறது. கேட்பவருக்குக் கைப்பணம் செலவில்லை, அதனால் எதை வேண்டுமானாலும் கேட்கிறார். கொடுப்பவருக்கு அந்த ஊரின் தேவை நேரடியாகத் தெரியாது, அதனால் யார் உரக்கக் கேட்கிறாரோ அவருக்குக் கொடுக்கிறார். இந்தச் சுழலிலிருந்து ஓரளவு வெளியேறி வந்த ஒரு வட்டாரம் இங்கிலாந்தின் வடமேற்கில் இருக்கிறது. கிரேட்டர் மான்செஸ்டர் எனப்படும் அந்தப் பகுதியில் பத்து உள்ளாட்சி மன்றங்கள், ஏறத்தாழ 29 லட்சம் மக்கள். அந்தப் பத்து மன்றங்களும் சேர்ந்து, தங்கள் பணத்தையும் போட்டு, ஒரே பட்டியலாக முதலீட்டுத் திட்டம் வகுத்த கதை உள்ளாட்சியில் அக்கறை உள்ள எவரும் படிக்க வேண்டியது. அது சொல்லும் பாடம் இரண்டு நிபந்தனைகளில் அடங்கும். திட்டங்களைத் தேர்ந்தெடுப்பவர்களே அவற்றுக்கான பணத்தில் ஒரு பங்கையும் கட்ட வேண்டும். எந்தத் திட்டம் முன்னால், எது பின்னால் என்பதை முடிவு செய்யும் விதியைத் திட்டங்களின் பெயரைச் சொல்வதற்கு முன்பே எழுதிவிட வேண்டும்.

கோயம்புத்தூரைத் ‘தென்னிந்தியாவின் மான்செஸ்டர்’ என்று அழைக்கும்போது நாம் நினைப்பது இங்கிலாந்து மான்செஸ்டரின் பழைய பருத்தி ஆலைப் பெருமையை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அந்தப் பெருமை அங்கே சரிந்துவிட்டது. ஆலைகள் மூடின, துறைமுகத் தொழில் ஒடுங்கியது, மக்கள் வெளியேறினார்கள். 1974இல் இந்தப் பத்துப் பகுதிகளையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவர ஒரு பெருநகர மன்றம் அமைக்கப்பட்டது. அதை மார்கரெட் தாட்சர் அரசு 1986இல் கலைத்தது. கலைத்த பிறகும் மான்செஸ்டர், சால்ஃபோர்டு, போல்ட்டன், பெரி, ஓல்டம், ரோச்டேல், ஸ்டாக்போர்ட், டேம்சைட், டிராஃபோர்டு, விகன் ஆகிய பத்து மன்றங்களும் தனித்தனியாகப் பிரிந்து போய்விடவில்லை. சட்டம் கட்டாயப்படுத்தாமலேயே ஒரு கூட்டமைப்பை உருவாக்கிக்கொண்டு தொடர்ந்து கூடினார்கள். அவர்களை ஒட்டவைத்த பசை ஒரு பொதுச் சொத்து. மான்செஸ்டர் விமான நிலையத்தின் உரிமை பத்து மன்றங்களிடமும் இருந்தது. இன்றும் அதை நடத்தும் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கு அவர்கள் கையில்தான். ஒரு வருமானத்தைப் பல ஆண்டுகள் பங்கிட்டுப் பழகியவர்களுக்கு ஒரு செலவையும் பங்கிடுவது அவ்வளவு அந்நியமாகத் தோன்றவில்லை.

தலைநகரை நம்பினால் என்ன ஆகும் என்பதையும் அவர்கள் பட்டே அறிந்தார்கள். 1992இல் மெட்ரோலிங்க் என்ற டிராம் சேவை அங்கே தொடங்கியது. அதை ஓல்டம், ரோச்டேல், ஆஷ்டன், விமான நிலையம் எனப் பல திசைகளில் ஒரே வீச்சில் நீட்டும் திட்டத்துக்கு 2000இல் லண்டன் ஒப்புதல் தந்தது. செலவு மதிப்பீடு ஏறியதும் 2004 ஜூலையில் அன்றைய போக்குவரத்து அமைச்சர் அலிஸ்டர் டார்லிங் ஒப்புதலைத் திரும்பப் பெற்றார். அடுத்து லண்டன் ஒரு புதிய பேரம் வைத்தது. நெரிசல் நேரத்தில் நகருக்குள் வரும் கார்களுக்குக் கட்டணம் விதித்தால் பொதுப் போக்குவரத்துக்குப் பெரும் மானியம் தருகிறோம் என்றது. கடனும் மானியமும் சேர்த்து அந்தத் தொகுப்பின் மதிப்பு ஏறத்தாழ 300 கோடி பவுண்டு. 2008 டிசம்பரில் மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. பத்துப் பகுதிகளிலும் மக்கள் மறுத்தார்கள். எதிராக விழுந்த வாக்கு 79 சதவீதம். கட்டணமும் போயிற்று, அதோடு கட்டப்பட்டிருந்த மானியமும் போயிற்று.

அத்தோடு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் ஐந்தே மாதத்தில், 2009 மே மாதம், பத்து மன்றங்களும் 150 கோடி பவுண்டு மதிப்புள்ள போக்குவரத்து நிதி ஒன்றை அமைக்க ஒப்புக்கொண்டன. இந்த நிதியின் அமைப்பைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். மத்திய அரசு அந்த வட்டாரத்துக்கு எப்படியும் பல ஆண்டுகளில் தரவிருந்த போக்குவரத்து ஒதுக்கீடுகளை ஒன்றாகத் திரட்டினார்கள். மீதிக்கு உள்ளூரிலேயே கடன் வாங்கினார்கள். கடனை அடைக்க இரண்டு வழிகள். டிராம் ஓடத் தொடங்கியபின் கிடைக்கும் பயணக் கட்டணத்தின் மிச்சம் ஒன்று. மற்றது, ஒவ்வொரு மன்றமும் மக்கள்தொகைக்கு ஏற்பச் செலுத்தும் போக்குவரத்துப் பங்குத்தொகையை ஆண்டுதோறும் சிறிது சிறிதாக உயர்த்துவது. இந்தப் பங்குத்தொகை வானத்திலிருந்து விழுவதில்லை. வீட்டுக்கு வீடு வசூலாகும் கவுன்சில் வரியில்தான் அது போய் நிற்கும். அதாவது விகனில் குடியிருப்பவரின் வரி ரோச்டேல் டிராமுக்கும் போகும். ரோச்டேல்காரரின் வரி விகன் பகுதியின் பேருந்துத் தடத்துக்கும் போகும். கையெழுத்திட்ட ஒவ்வொரு மன்றத் தலைவருக்கும் இது தெரியும். அடுத்த தேர்தலில் இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் தான்தான் என்பதும் தெரியும். சும்மா கிடைக்கும் மானியத்தில் எவ்வளவு கேட்டாலும் குறைவுதான். தன் ஊர் வரியில் அடைக்க வேண்டிய கடன் என்றால், இந்தத் திட்டம் உண்மையிலேயே தேவையா என்ற கேள்வியைக் கேட்பவரே முதலில் கேட்டுக்கொள்கிறார்.

விதி முதலில், திட்டம் பிறகு

பணம் திரட்டியாயிற்று. பத்துப் பேர் கூடிய இடத்தில் எதை முதலில் கட்டுவது? ‘ஆளுக்கு ஒன்று’ என்று பிரித்துக்கொண்டிருந்தால் சண்டை வந்திருக்காது, பலனும் வந்திருக்காது. மான்செஸ்டர் மன்றங்கள் தேர்ந்த வழி வேறு. பட்டியலில் சேர விரும்பும் ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரே உரைகல்லை வைத்தார்கள். இந்தத் திட்டத்தால் வட்டாரம் முழுவதிலும் ஆண்டுதோறும் உருவாகும் பொருளாதார மதிப்பு எவ்வளவு கூடும், அந்தக் கூடுதலை மொத்தச் செலவின் ஒவ்வொரு பவுண்டோடும் ஒப்பிட்டால் என்ன வருகிறது என்று கணக்கிட்டார்கள். ஒரு புறவழிச்சாலையும் ஒரு டிராம் பாதையும் ஒரு பேருந்துத் தடமும் ஒரே தராசில் ஏறின. ஒரு தடம் போட்டால் எத்தனை பேருக்கு எத்தனை வேலையிடங்கள் எட்டும் தூரத்துக்குள் வருகின்றன, அதனால் நிறுவனங்களுக்கு ஆள் கிடைப்பது எவ்வளவு எளிதாகிறது என்பதெல்லாம் அந்தக் கணக்குக்குள் அடங்கும். இதோடு சில குறைந்தபட்ச நிபந்தனைகளையும் சேர்த்தார்கள். மொத்தப் பட்டியலால் மிகப் பின்தங்கிய பகுதிகளில் வாழ்பவர்கள் வேலைக்குச் சென்று சேரும் வசதி மேம்பட வேண்டும். எந்த மன்றப் பகுதியும் பலனே இல்லாமல் விடுபடக் கூடாது. கரிம வெளியேற்றம் குறைய வேண்டும். இவற்றையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகுதான் வரிசை வெளியானது.

விதி முன்னால் வருவதால் கிடைக்கும் பலன் பெரிது. வரிசை வெளியான பிறகு தன் ஊர்த் திட்டம் கீழே கிடப்பதைப் பார்க்கும் தலைவர், விதியே தவறு என்று சொல்ல முடியாது. அவரும் சேர்ந்து எழுதிய விதி அது. தன் மக்களிடம் போய், ‘நம் திட்டத்தைச் சதி செய்து ஒதுக்கிவிட்டார்கள்’ என்றும் முழங்க முடியாது. கணக்கு வெளியில் இருக்கிறது. இதற்கு அறிவார்ந்த பின்புலமும் இருந்தது. அதே 2009இல் டாம் மெக்கில்லப் தலைமையில், எட்வர்ட் கிளேசர், ஜிம் ஓ’நீல், டயான் காயில் போன்ற பொருளாதார அறிஞர்கள் இடம்பெற்ற ஒரு சுதந்திரமான ஆய்வுக்குழு மான்செஸ்டர் வட்டாரப் பொருளாதாரத்தை ஆராய்ந்து அறிக்கை தந்தது. லண்டனுக்கு வெளியே நீண்டகால வளர்ச்சிக்கு மிகவும் வாய்ப்புள்ள வட்டாரம் இதுவே, ஆனால் தன் அளவுக்கு ஏற்ற உற்பத்தித் திறனை அது எட்டவில்லை என்பது அந்த அறிக்கையின் சாரம். உள்ளூரின் பலத்தைச் சொன்ன அதே அறிக்கை பலவீனத்தையும் ஒளிக்காமல் சொன்னதால்தான் அதை வைத்துத் திட்டமிட முடிந்தது.

விளைந்தது என்ன என்பதை ஓல்டம், ரோச்டேல் பாதையில் பார்க்கலாம். அங்கே ஓடிய பழைய ரயில் தடம் 2009 அக்டோபரில் மூடப்பட்டு, டிராம் தடமாக மாற்றிக் கட்டப்பட்டது. 2012இல் டிராம் ஓல்டம் வந்தது. 2013இல் ரோச்டேல் ரயில் நிலையம் வந்தது. 2014இல் இரண்டு ஊர்களின் கடைவீதிக்குள்ளேயே நுழைந்தது. பழைய ரயில் ஊருக்கு ஓரமாகப் போனது. டிராம் மக்கள் நடமாடும் தெருவிலேயே நின்றது. ஒரு தடத்தின் பயனைத் தீர்மானிப்பது இந்த வேறுபாடுதான். அதே 2014 நவம்பரில் விமான நிலையப் பாதை, குறித்த காலத்துக்கு ஓராண்டுக்கும் மேல் முன்னதாகவே திறக்கப்பட்டது. இந்த விரிவாக்கத்துக்கு முன் 37 நிறுத்தங்களே இருந்த மெட்ரோலிங்கில் இன்று 99 நிறுத்தங்கள். டிராம் எட்டாத விகன் பகுதிக்கு வேறு வழி கிடைத்தது. ரயில் நிலையமே இல்லாத லீ என்ற ஊரிலிருந்து மான்செஸ்டருக்குப் பேருந்துகளுக்கு மட்டுமான தனித்தடம் 2016இல் திறக்கப்பட்டது. போல்ட்டனில் ரயிலும் பேருந்தும் கைகோக்கும் புதிய நிலையம் 2017இல் வந்தது. 2004இல் லண்டன் கைவிட்ட பட்டியலில் இருந்த தடங்கள், உள்ளூர் பணமும் உள்ளூர் முடிவும் சேர்ந்தபோது பத்தே ஆண்டில் தரையில் ஓடின.

இந்த வெற்றியைக் காட்டித்தான் அவர்கள் அடுத்த அதிகாரத்தைக் கேட்டார்கள். 2011 ஏப்ரலில் பத்து மன்றங்களின் கூட்டு அமைப்புக்குச் சட்ட அந்தஸ்து கிடைத்தது. இங்கிலாந்தின் முதல் கூட்டு ஆணையம் அதுவே. 2012இல் லண்டனோடு ஒரு புதிய ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். உள்ளூரில் 120 கோடி பவுண்டு வரை கட்டமைப்பில் முதலிட்டு, அதனால் பொருளாதாரம் வளர்ந்தால், கூடுதலாக லண்டனுக்குப் போகும் வரியிலிருந்து ஆண்டுக்கு 3 கோடி பவுண்டு வரை 30 ஆண்டுகளுக்குத் திரும்பத் தர வேண்டும் என்பது அதன் உட்பொருள். உள்ளாட்சி முதலிட்டு வளர்த்த மரத்தின் கனி முழுவதும் மத்தியக் கருவூலத்துக்கே போனால் மீண்டும் முதலிட உள்ளாட்சியிடம் என்ன இருக்கும்? இந்த நியாயமான கேள்விக்கு லண்டன் முதன்முறையாகச் செவிசாய்த்த இடம் இது. 2014 நவம்பர் ஒப்பந்தத்தில் வீட்டுவசதிக்காக 30 கோடி பவுண்டு கடன் நிதியும் சேர்ந்தது. வீடு கட்டுபவருக்குக் கடனாகத் தருவது, அது திரும்பி வந்ததும் அடுத்தவருக்குத் தருவது என்று அது சுழல்கிறது. மானியம் ஒருமுறை செலவானால் தீர்ந்தது. சுழலும் நிதி ஒழுங்காக வசூலானால் தீர்வதே இல்லை.

மறுப்புகளும் அவற்றின் நியாயமும்

முதல் மறுப்பு இது: பொருளாதார மதிப்பை மட்டும் அளந்தால் ஏற்கெனவே வளர்ந்த மையத்துக்கே பணம் போய்ச் சேரும், ஓரங்கள் காய்ந்து கிடக்கும். இதில் உண்மை உண்டு. மான்செஸ்டர் நகர மையத்தில் வானளாவிய கட்டடங்கள் எழுந்துகொண்டே இருக்க, ஓல்டமிலும் ரோச்டேலிலும் வறுமை இன்னும் ஆழமாகவே இருக்கிறது. வீட்டுவசதிக் கடன் நிதியின் பெரும்பகுதி, எளியவர் வாங்கக்கூடிய வீடு இல்லாத மையக் கோபுரங்களுக்குப் போனது என்ற விமர்சனமும் பலமாக எழுந்தது. ஆனால் இந்தக் குறை விதி வைத்துத் திட்டமிட்டதால் வந்ததாகத் தெரியவில்லை; விதியில் எழுதாமல் விட்டதால் வந்தது. போக்குவரத்து நிதியில் பின்தங்கிய பகுதிகளுக்கான குறைந்தபட்ச நிபந்தனையை எழுதினார்கள். டிராம் ஓல்டமுக்கும் ரோச்டேலுக்கும் போயிற்று. வீட்டு நிதியில் எளியவருக்கான நிபந்தனை அதே உறுதியோடு நிற்கவில்லை, கோபுரங்கள் எழுந்தன. எதை அளக்கிறோமோ அதுதான் கிடைக்கும். ஆகவே அளவுகோலையே தூக்கி எறிவதில் பயனில்லை. நீதியையும் அளவுகோலில் சேர்த்து எழுத வேண்டும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கடுமையானது. உள்ளாட்சிகளுக்கு இவ்வளவு பெரிய கடனைக் கையாளும் திறமை இருக்கிறதா? சான்றுகள் பயமுறுத்துபவைதான். லண்டனுக்கு அருகிலுள்ள வோக்கிங் என்ற சிறிய ஊரின் மன்றம் ஹோட்டலும் அடுக்குமாடிக் கோபுரங்களும் கட்டக் கடன்மேல் கடன் வாங்கி, 2023 ஜூனில் கையை விரித்தது. அப்போது அதன் கடன் ஏறத்தாழ 180 கோடி பவுண்டு. தரக் என்ற மன்றம் தன் எல்லைக்கு வெளியே சூரிய மின்சக்தித் தொழிலில் கடன் பணத்தைக் கொட்டிவிட்டு, 2022 டிசம்பரில் அதே நிலைக்கு வந்தது. ஆனால் இந்த இரண்டு கதைகளையும் மான்செஸ்டர் கதையோடு வைத்துப் பார்த்தால் வேறுபாடு புலப்படும். தோற்றவர்கள் தனியாகச் செயல்பட்டார்கள். கேள்வி கேட்க ஒன்பது பங்காளிகள் அவர்களுக்கு இல்லை. வாடகையோ வட்டியோ வந்து குவியும் என்ற கணக்கில் கடன் வாங்கினார்கள். வராதபோது அடைக்க வேறு வழி வைத்திருக்கவில்லை. மான்செஸ்டர் கடன் பங்குத்தொகை என்ற நிச்சயமான வருமானத்தின் மேல் நின்றது. தங்கள் வரியில் கை வைக்கப்படும் என்பதால் பத்து மன்றங்களும் ஒன்றையொன்று கண்காணித்தன. வெறும் லாபத்துக்காகச் சொத்து வாங்கும் மன்றங்களுக்கு அரசுக் கடன் கிடையாது என்று 2020இல் பிரிட்டன் விதித்த தடையும் சரியானதே. கடன் உரிமையும் கட்டுப்பாடும் சேர்ந்தே வர வேண்டும்.

மறுப்பவர்கள் முன்வைக்கும் மாற்று வழியையும் சோதித்துப் பார்க்க வேண்டும். மத்திய அரசே திட்டங்களைத் தேர்ந்தெடுத்தால் நன்றாக இருக்குமா? அண்மைய ஆண்டுகளில் பிரிட்டன் அதையும் செய்து பார்த்தது. பின்தங்கிய பகுதிகளை உயர்த்துவதற்கென 480 கோடி பவுண்டு ஒதுக்கி, ஊர்களைப் போட்டிக்கு அழைத்தது. ஒவ்வொரு மன்றமும் ஆலோசகர்களை அமர்த்தி விண்ணப்பம் எழுதியது. தோற்றவர்களின் செலவு வீண். 2023இல் மேற்கு மிட்லண்ட்ஸ் மேயராக இருந்த ஆண்டி ஸ்ட்ரீட், ஆளும் கட்சியைச் சேர்ந்தவராக இருந்தும், இது பிச்சைப் பாத்திரம் ஏந்தும் பண்பாடு என்று வெளிப்படையாகக் கண்டித்தார். போட்டியில் வெல்வது நல்ல விண்ணப்பம். நல்ல திட்டம் வெல்லும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

மூன்றாவது மறுப்பு ஜனநாயகத்தைப் பற்றியது. 2008இல் மக்கள் மறுத்தார்கள். 2009இல் அவர்களைக் கேட்காமலேயே வரிச்சுமை ஏறியது. 2012இல் மான்செஸ்டர் நகர மக்கள் நேரடித் தேர்தல் மேயர் வேண்டாம் என்று வாக்களித்தார்கள். 2014 ஒப்பந்தத்தில் வட்டாரம் முழுமைக்கும் ஒரு மேயர் என்ற நிபந்தனை வாக்கெடுப்பு இன்றியே வந்தது. இந்தக் குற்றச்சாட்டை மறுக்க முடியாது. அந்த ஆண்டுகளில் பெரிய முடிவுகள் பத்துத் தலைவர்களும் அதிகாரிகளும் கூடிய அறையில் எடுக்கப்பட்டன. சாதாரண குடிமகனுக்கு அந்த அறையின் இருப்பே தெரியாது. 2017 மே மாதம் ஆண்டி பர்னம் முதல் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பிறகு, கேள்வி கேட்க ஒரு முகம் கிடைத்தது. லண்டனுக்கு வெளியே மற்ற இடங்களைப் போலவே 1986 முதல் இங்கும் தனியார் இஷ்டப்படி ஓடிய பேருந்துகளை அவர் பொதுக் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவந்தார். 2023 செப்டம்பரில் தொடங்கிய அந்தப் பணி 2025 ஜனவரியில் முடிந்தது. மக்களிடம் வாக்குக் கேட்டு வந்தவர் என்பதால்தான் அந்தத் துணிவு வந்தது. திட்டமிடும் அமைப்பு மக்களின் வாக்குக்கு வெளியே இருக்கக் கூடாது என்பதே இதிலிருந்து எடுக்க வேண்டிய முடிவு.

இத்தனைக்குப் பிறகும் பணத்தின் பெரும்பகுதி லண்டன் கையில்தான் இருக்கிறது. 2010க்கும் 2018க்கும் இடையே இங்கிலாந்தின் உள்ளாட்சிகளுக்கு மத்திய அரசு தந்த நிதி, விலைவாசியைக் கழித்துப் பார்த்தால், ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. ஒரு கையால் முதலீட்டு நிதி தந்து, மறு கையால் நூலகத்துக்கும் முதியோர் பராமரிப்புக்குமான அன்றாட நிதியைப் பிடுங்கினால் ஊர் நிமிராது. ஆண்டுக்கு 3 கோடி பவுண்டு என்ற தொகையும் விலைவாசி ஏற ஏறத் தேய்ந்துகொண்டே போகிறது. வட்டாரத்தின் உற்பத்தித் திறன் இன்னும் நாட்டின் சராசரிக்குக் கீழேதான். நல்ல திட்டமிடல் நீண்ட கால நிதிக்கு மாற்றாகாது என்பதை மான்செஸ்டரும் நிரூபிக்கிறது.

இந்தப் பாடம் நமக்கு மிக அருகில் இருக்கிறது. இந்திய அரசியல் சாசனத்தின் 74வது திருத்தம், பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் பெருநகர வட்டாரங்களுக்குத் திட்டக்குழு அமைக்கச் சொல்கிறது. அதன் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதவர்கள் அந்த வட்டார உள்ளாட்சிகளின் மக்கள் பிரதிநிதிகளால் தங்களுக்குள்ளிருந்தே தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்றும் கூறுகிறது. அந்தக் குழு வரைவுத் திட்டத்தைத் தயாரித்து மாநில அரசுக்கு அனுப்பும். பட்டியல் போடும் கடமையைச் சாசனம் உள்ளாட்சிக்குத் தந்தது. அந்தப் பட்டியலுக்கு உரிய பணத்தைத் தரவில்லை, பணத்தைத் தானே திரட்டும் பொறுப்பையும் சுமத்தவில்லை. பணமில்லாத பட்டியல் வெறும் கோரிக்கை மனு. தொழில் நகரங்களைச் சுற்றியுள்ள உள்ளாட்சிகள் ஒன்றுசேரவும், எழுதி வைத்த விதிப்படி வரிசை போடவும், தங்கள் வரியில் ஒரு பங்கை அதில் கட்டவும், வளர்ச்சியால் கூடும் வரியில் ஒரு பங்கைத் திரும்பப் பெறவும் சட்டம் இடம் தர வேண்டும். தவறு நேரும், சில கடன்கள் கசக்கும். ஆனால் தன் பணத்தில் தவறு செய்த உள்ளாட்சியை அதன் மக்கள் அடுத்த தேர்தலில் திருத்த முடியும். தலைநகரம் செய்யும் தவறைத் திருத்த அவர்களிடம் மனுவைத் தவிர வேறெதுவும் இல்லை.